முதுகுத்தண்டில் துளை வழி அறுவை: சம்மதக் கையெழுத்துக்கு முன்



நம் இதழில் வழக்கமாக வரி, உரிமம், தராசு முத்திரை என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை முதுகைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கடந்த ஓராண்டில் நம் மண்டி வீதியை ஒட்டிய வட்டாரத்தில் மட்டும் நான்கு கடை முதலாளிகளும் இரண்டு சுமைதூக்கும் தொழிலாளர்களும் முதுகுத்தண்டில் 'துளை ஆபரேஷன்' செய்துகொண்டுள்ளனர். அவர்களில் நால்வர் நலமாக நடமாடுகின்றனர். ஒருவருக்குக் கால் வலி போய்விட்டது, இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. "பணத்தைக் கொட்டியும் பலன் இல்லை" என்று கடைக்கு வருவோரிடமெல்லாம் குறைப்படுகிறார். இன்னொருவர் உடனே போக வேண்டிய நேரத்தில் போகாமல் இரண்டு நாள் கழித்துப் போனார். அவர் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

இந்த அறுவையைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சு ஒன்றுதான்: "சின்னத் துளை, மறுநாள் வீடு, அடுத்த வாரம் கடை." இதில் பொய் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இது துளையின் அளவைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன செய்கிறார்கள், யாருக்குச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை அரிசியைக்கூட இறக்கி வைக்காத நாம், முதுகு விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

வலி இடுப்பிலா, காலிலா?

முதுகுத்தண்டில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க். நம் பக்கத்தில் 'ஜவ்வு' என்போம். அதன் வெளிப்புறம் கெட்டியான வளையம். உள்ளே கூழ் போன்ற பொருள். வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் வலி இடுப்போடு நிற்காது. பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கும். இதைத்தான் மருத்துவர்கள் சயாட்டிகா என்கிறார்கள். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இந்தத் தொல்லை வருகிறது. டிஸ்க் பிதுங்குவதுதான் இந்தக் கால் வலிக்குக் காரணம் என்பதையும், அதை அறுவையால் நீக்கலாம் என்பதையும் 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர் எழுதி வெளியிட்ட பிறகே உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது.

இங்கேதான் அன்பர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி இருக்கிறது. பிதுங்கிய துண்டை எடுக்கும் அறுவை, நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்குவதற்கானது. ஆகவே அது நன்றாகத் தீர்ப்பது கால் வலியை. வெறும் இடுப்பு வலிக்கு அதே அறுவை அவ்வளவு நம்பத்தக்க மருந்தல்ல. இடுப்பு வலிக்குத் தசை, மூட்டு, டிஸ்க் தேய்மானம், நாள் முழுதும் கல்லாவில் குனிந்து உட்காருவது என்று பத்துக் காரணங்கள் இருக்கலாம். ஒரு துண்டை எடுத்ததால் அவை எல்லாம் போய்விடாது. மேலே சொன்ன நண்பருக்கு இரண்டு வலியும் இருந்தன. ஆபரேஷன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவருக்கு யாரும் விளக்கவும் இல்லை. செய்த அறுவை சரியான அறுவைதான்; அவர் எதிர்பார்த்தது வேறு. "டாக்டர், இதனால் என் கால் வலி போகுமா, இடுப்பு வலி போகுமா, எது எவ்வளவு மிஞ்சும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்த மனவருத்தம் வந்திருக்காது.

அடுத்து, ஸ்கேன். எம்.ஆர்.ஐ. படத்தில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் நம்மவர்களுக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் உப்பியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது வயது ஏற ஏறத் தலை நரைப்பதைப்போல டிஸ்க்கிலும் மாற்றம் வருகிறது. ஆகவே படத்தில் தெரியும் இடமும், வலிக்கும் காலும், மருத்துவர் காலைத் தூக்கியும் விரலை மடக்கியும் தட்டியும் பார்த்துக் கண்டறிவதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இருப்புப் புத்தகமும் கிடங்கில் இருக்கும் சரக்கும் ஒத்துப் போக வேண்டும் அல்லவா, அதுபோல. படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மேசையை விட்டு எழுந்து வந்து நம் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தேதி குறிப்பவரிடம் இரண்டு முறை யோசித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

டிஸ்க் பிதுங்கிய கால் வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணிந்துவிடுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. பிதுங்கிய துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. அதுவரை வலி மாத்திரை, அளவான நடை, பிசியோதெரபி ஆகியவை போதும். ஓரிரு நாள் ஓய்வு சரி. வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பது நல்லதைவிடக் கெடுதலையே செய்யும்.

நெதர்லாந்து நாட்டில் 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதை அழகாக விளக்குகிறது. 6 முதல் 12 வாரங்கள் கடும் கால் வலியில் இருந்த 283 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விரைவில் அறுவை. மற்றப் பிரிவுக்குப் பொறுத்திருந்து, தேவைப்பட்டால் மட்டும் அறுவை. விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினரின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே. பொறுத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் மட்டும் முடியாமல் போய்ப் பின்னர் அறுவை செய்துகொண்டனர். ஆக, அறுவையால் நாம் வாங்குவது பெரும்பாலும் காலத்தை. வலியோடு கழிக்க வேண்டிய சில மாதங்கள் மிச்சமாகின்றன. கடையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாதவருக்கு அந்தச் சில மாதங்கள் பெரிய விஷயம். மகன் பொறுப்பெடுத்துக்கொண்ட வீட்டில் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டில் எது சரி என்பதை மருத்துவரோடு கலந்து நாமே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் பொறுக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. முன்பு சொல்வதாகச் சொன்ன அன்பர் மளிகைச் சில்லறைக் கடைக்காரர், ஐம்பது வயதுக்குள். நெடுநாளாக இடுப்பு வலி. ஒருநாள் இரு கால்களும் கனத்தன. ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப் போனது. சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இறங்கவில்லை. "உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு நாள் கடையிலேயே இருந்திருக்கிறார். முதுகின் அடியில் குதிரைவால் போலப் பிரியும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்கினால் வரும் அறிகுறிகள் இவை. உடனடியாகப் பெரிய மருத்துவமனைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்து, தாமதமின்றி அறுவை செய்ய வேண்டிய நெருக்கடி இது. அவருக்குப் பின்னர் அறுவை நடந்தது, நடக்கிறார். ஆனால் சிறுநீர்த் தொல்லை இன்றுவரை சரியாகவில்லை. கடைப் பையன் முதல் வீட்டுப் பெண்கள் வரை எல்லாரும் இந்த அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இதுபோலவே பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போய், நடக்கையில் செருப்பு கழன்று விழுந்தாலும் நாள் கடத்தக் கூடாது. முதுகுவலியோடு காய்ச்சலோ காரணமில்லாத உடல் இளைப்போ இருந்தாலும் அப்படியே. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இதமாக இருக்கலாம். மரத்துப்போன காலோடு இருப்பவர் முதுகில் ஆளை ஏற்றி மிதிக்கச் சொல்வது விபரீதம்.

துளையில் எத்தனை வகை

ஊரில் எல்லாவற்றையும் 'லேசர் ஆபரேஷன்' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த அறுவைகளில் பெரும்பாலானவற்றில் லேசர் கிடையாது. 1977ஆம் ஆண்டில் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, ஓரங்குலம், ஒன்றரை அங்குல வெட்டில் டிஸ்க்கை எடுக்கும் முறையை வெளியிட்டனர். அதற்கு முன் நீண்ட வெட்டுப் போட்டுத் தசையை இருபுறமும் விலக்குவார்கள். 1997இல் தசையை வெட்டாமல் விலக்கி, ஒரு குழாயை இறக்கி அதன் வழியே வேலை செய்யும் முறை வந்தது. இப்போது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளையில் எண்டோஸ்கோப் என்ற கேமரா குழலைச் செலுத்திச் செய்கிறார்கள். சிலருக்கு முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தும் செய்ய முடிகிறது. இதயநோய், வயோதிகம் உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி.

துளை சிறிதாக ஆக ஆகப் பலன் பெரிதாகுமா என்றால், அப்படி ஒரு கணக்கு இல்லை. நெதர்லாந்திலேயே 2009இல் வெளியான ஆய்வில் 328 பேரைக் குழாய் முறைக்கும் வழக்கமான மைக்ரோ முறைக்கும் பிரித்துச் செய்தார்கள். ஓராண்டில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் குழாய் முறையில் 69 விழுக்காடு, வழக்கமான முறையில் 79 விழுக்காடு. சிறிய துளைக்காரர்கள் முந்தவில்லை. பின்னர் 2022இல் அதே நாட்டிலிருந்து 613 பேரை வைத்து வந்த ஆய்வில், எண்டோஸ்கோப் முறை மைக்ரோ முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கருவி என்பதைவிட அந்தக் கருவியில் அந்த மருத்துவரின் கை எவ்வளவு பழகியது என்பதே பெரிது என்று நமக்குப் படுகிறது. எண்டோஸ்கோப் கைவரச் சற்றுக் காலம் பிடிக்கும் வித்தை. "இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆபத்தும் உண்டு, சிறிய துளை என்பதால் அது இல்லாமல் போவதில்லை. எடுத்த இடத்திலேயே மறுபடி பிதுங்குவது 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை நேரலாம். நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசியலாம், சீழ் பிடிக்கலாம், அரிதாக நரம்பே அடிபடலாம். வலி அன்றே போனாலும் மரப்பும் பலவீனமும் தேறப் பல மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுதும் தேறாமலும் போகும்.

திருகாணி தேவையா?

அறுபதைத் தாண்டிய நம் போன்றோருக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. டிஸ்க் பிதுங்குவதைவிட, எலும்பும் தசைநாரும் தடித்து நரம்பு போகும் பாதையே குறுகிவிடுகிறது. கொஞ்ச தூரம் நடந்தால் இரு கால்களும் கனத்து மரக்கும். உட்கார்ந்தால், குனிந்தால் சரியாகும். வெறுங்கையோடு நடக்க முடியாதவர் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து தள்ளிக்கொண்டு போனால் நெடுந்தூரம் போவார், சைக்கிளும் மிதிப்பார். (நின்றாலே போதும், குனிய வேண்டாம், வலி போகிறது என்றால் அது கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம்; அதற்கு மருத்துவரே வேறு.)

நமக்கே இது வந்தது. முதலில் போன இடத்தில் இரண்டு மட்டங்களில் திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாகப் பிணைக்க வேண்டும், அதையும் சிறு துளையிலேயே செய்துவிடலாம் என்றார்கள். ஏன் பிணைக்க வேண்டும் என்ற கேள்விக்கு "அதுதான் நிரந்தரம்" என்பதைத் தாண்டிப் பதில் வரவில்லை. எழுத்தில் கேட்டு வாங்கிய மதிப்பீட்டில் பாதிக்கு மேல் உள்ளே வைக்கும் உலோகத்தின் விலையாகவே இருந்தது. வணிகனுக்கு அந்த வரி கண்ணை உறுத்தாமல் இருக்குமா? படங்களையும் சி.டி.யையும் எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் நிற்க வைத்தும், முன்னால் குனிய வைத்தும், பின்னால் சாய வைத்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நழுவவில்லை, ஆடவில்லை, பாதையை அகலப்படுத்தினால் போதும் என்றார். அப்படியே குழாய் வழியாகச் செய்தார். இப்போது காலையில் கடைத்தெருவை இரண்டு சுற்று நடக்கிறோம்.

திருகாணியே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. எலும்பு நழுவி ஆடுகிறவர்களுக்கும், வளைவு, முறிவு, கட்டி உள்ளவர்களுக்கும் அது தேவைப்படும். ஆனால் வெறும் பாதைக் குறுக்கத்துக்கு அது எல்லாருக்கும் வேண்டியதில்லை. சுவீடன் நாட்டில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 247 பேரிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாதையை அகலப்படுத்தியதோடு எலும்பைப் பிணைத்தவர்களுக்கு, பிணைக்காதவர்களைவிடக் கூடுதல் பலன் ஏதும் இல்லை. இரண்டாண்டிலும் இல்லை, ஐந்தாண்டிலும் இல்லை. ஆகவே திருகாணி என்ற பேச்சு வந்தால் இன்னொரு மருத்துவர் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்பது நம் கண்டிப்பான யோசனை.

பணமும் முன்னேற்பாடும்

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அறை, அறுவை, மயக்க மருந்து, உள்ளே வைக்கும் பொருள் ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். காப்பீடு வைத்திருப்போர் பாலிசியை இப்போதே எடுத்துப் படியுங்கள். டிஸ்க் பிதுக்கத்துக்குப் பாலிசி எடுத்து இரண்டாண்டு ஆன பிறகே பணம் என்ற விதி பல பாலிசிகளில் இருக்கிறது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டு என 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. அதற்கு முன் நான்காண்டு. பழைய இடுப்பு வலியைப் பாலிசி எடுக்கும்போது மறைத்தவர்களுக்கு இழப்பீடு கேட்கும் நேரத்தில் வில்லங்கம் வரும்.

சர்க்கரை நோய் நம் தொழிலில் இருப்போருக்குக் கூடவே வரும் கூட்டாளி. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுவோர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். மாதக் கணக்குத் தாக்கல் செய்வோர் 20ஆம் தேதியை ஒட்டி நாள் குறிக்காமல், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை வீட்டில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் படுப்பது நிம்மதி.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் பலரும் கல்லாவில் உட்காருகிறார்கள், அதுவும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தபடி. தூக்குவதுதான் சிக்கல். வெளிக்காயம் பத்து நாளில் ஆறிவிடுவதால் உள்ளேயும் ஆறிவிட்டதென்று எண்ணெய் டின்னைத் தூக்கப் போகிறவர்கள் உண்டு. 6 முதல் 12 வாரங்கள் வரை, மருத்துவர் சொல்லும் நாள் வரை, கனத்தைத் தொடக் கூடாது. குனிந்து திரும்பியபடி தூக்குவது அதற்குப் பிறகும் கூடாது.

நம்மிடம் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு இந்த ஓய்வு கிடைப்பதே அரிது. மூட்டைக் கூலிக்காரருக்கு மூன்று மாதம் தூக்காதே என்றால் அடுப்பு எரியாது. மேலே சொன்ன இரு தொழிலாளர்களில் ஒருவரை அவர் முதலாளி மூன்று மாதம் எடைமேடையில் சீட்டு எழுத வைத்துக் கூலியைக் கொடுத்தார், அவர் தேறிவிட்டார். ஒரு ஆள் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. நாமோ 100 கிலோ சர்க்கரை மூட்டையை ஒரே முதுகில் ஏற்றி அனுப்பிய தலைமுறை. இன்று 50 கிலோ மூட்டையும் சிறு சிப்பங்களும் வந்துவிட்டன. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு வரி வந்ததும் வரிக்குப் பயந்து 26 கிலோ சிப்பம் போட்டோமே, அந்த ஒரு கிலோவையும் எந்த முதலாளியும் தூக்கவில்லை! கிடங்கில் ஒரு கைவண்டியும், லாரி மட்டத்துக்கு ஒரு மேடையும் போட ஆகும் செலவை ஒரு அறுவையின் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் சங்கக் கட்டிடத்தில் கைவண்டி மாதிரிகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். எந்த நாளும் வந்து தள்ளிப் பார்க்கலாம்.